பிக்கப்புக்கு ரேடியோவும் அன்ரெனாவும்: கிளிநொச்சியில் நல்ல கை

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் தாண்டி முல்லைத்தீவுப் பக்கம் ஓடுற பிக்கப் என்ரை. காடு தொடங்கினால் ரேடியோ இரையும். அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கக் கீச்சுச் சத்தமும் கூடும். முதல் பூட்டின இடத்திலை அன்ரெனாவைப் பெயின்ருக்கு மேலேயே இறுக்கிவிட்டவை. ரெண்டு தரம் கொண்டுபோயும் "செற் பிழை, புதுசு வாங்குங்கோ" எண்டுதான் சொன்னவை.

கிளிநொச்சியிலை ஏ9 வீதிக்கரைச் சின்னக் கடைத் தம்பி செற்றைத் தொடவேயில்லை. அன்ரெனாவைக் கழட்டி, அடியிலை ரெண்டு ரூபாய்க் குத்தியளவு பெயின்ரை அரத்தாளாலை தேய்ச்சார். பளிச்செண்டு தகரம் தெரிஞ்சுது. "எர்த் இதிலைதான் பிடிக்கும் அண்ணை." துரு ஏறாமல் கிறீஸ் பூசி, சுத்திவர சிலிக்கன் வைச்சார். கம்பி 75 சென்ரிமீற்றர். எஃப்.எம். ரேடியோ வாற 100 மெகாஹேர்ட்ஸ் அலையின்ரை நீளத்திலை கால்வாசி அது. பவர் வயரைப் பற்றறியிலையிருந்து நேரே, பியூஸ் போட்டு இழுத்தார். கீச்சு நிண்டிட்டுது.

மூண்டு மணித்தியாலம் வெயிலுக்கை நிண்டன், இருக்கக் கதிரையில்லை. அதை மட்டும் தம்பி கவனிக்க வேணும்.

நெல் காயப்போட்ட நாளிலை மழைச் செய்தி காட்டுக்குள்ளையும் தெளிவாய்க் கேக்குது. அது எனக்குப் பெரிய விசயம்.