வண்டி சர்வீஸ் பரவாயில்லை, ஸ்டார் கேட்டு நச்சரிப்பதுதான் தாங்கவில்லை

எங்கள் ஏரியாவில் இருக்கும் ஒரு கம்பெனி பைக் சர்வீஸ் சென்டரைப் பற்றி எழுதுகிறேன். கூகுள் மேப்பில் 4.8 காட்டுகிறது, அதை நம்பித்தான் வண்டியை விட்டேன்.

முதலில் வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஆயில் மாற்றியது, செயின் டைட் வைத்தது எல்லாம் ஒழுங்கு. முன் பிரேக் பேடு தேய்ந்திருப்பதைக் கழற்றிக் காட்டி, மாற்றலாமா என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றினார்கள், பழைய பேடையும் கையில் கொடுத்தார்கள். பின் பிரேக்கில் சத்தம் வருவதை ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன், எழுதவும் செய்தார்கள், ஆனால் வண்டியை எடுத்து முதல் சிக்னலில் நிறுத்தும்போதே அதே கிரீச். வாட்டர் வாஷ் பேருக்குத்தான், மட்கார்டுக்கு அடியில் சேறு அப்படியே இருந்தது.

இனி பில் கவுண்டர் கதை. பணம் கட்டியதும் சாவி வரவில்லை, கியூஆர் கோடு ஒட்டிய அட்டைதான் வந்தது. "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார், என் பேரையும் சேர்த்து எழுதுங்க, அடுத்த தடவை பாலிஷ் ஃப்ரீ" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். நான் போனை எடுக்க, பக்கத்திலேயே நின்று திரையைப் பார்க்கிறார். அப்புறம் மெதுவாக இன்னொன்று: "கம்பெனியிலிருந்து கால் வரும் சார், பத்துக்குப் பத்து சொல்லுங்க, ஒன்பது சொன்னாக்கூட எனக்கு இன்சென்டிவ் போயிடும்." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மேலே உட்கார்ந்து டார்கெட் வைப்பவர்கள் செய்யும் வேலை இது. ஆனால் அந்த 4.8 எப்படி வந்தது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பழைய ரிவ்யூக்களைப் புரட்டினால் வரிசையாக 'சூப்பர் சர்வீஸ்', கூடவே ஒரு அட்வைசர் பெயர். என்ன ரிப்பேர், எவ்வளவு பில், ஒரு வார்த்தை கிடையாது.

சலுகை கொடுத்து ரிவ்யூ வாங்கக் கூடாது என்பது கூகுளின் விதி. காசு கொடுத்து எழுத வைத்த விமர்சனங்களை வெளியிடக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2022-ல் ஐஎஸ் 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது, ஆனால் கொண்டுவந்தபோது அது கட்டாயமாக இல்லை.

இத்தனை பாடும் இவர்களுக்குத் தேவையா என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் லூகா 2011-ல் சியாட்டில் உணவகங்களை வைத்துச் செய்த ஆய்வில், யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று கண்டார், ஆனால் அது தனிக் கடைகளுக்குத்தான், ஊரெல்லாம் கிளை வைத்த பிராண்டுகளுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. பெயர்ப் பலகையைப் பார்த்தே ஆட்கள் வந்துவிடுவார்கள் போல. ஸ்டாரால் பிழைக்கக்கூடியவர் எங்கள் தெருமுனை மெக்கானிக், அவரோ யாரிடமும் கேட்பதே இல்லை!

நான் 3 ஸ்டார் போட்டு, பின் பிரேக் விஷயத்தையும் எழுதினேன். மறுநாளே மேனேஜர் கூப்பிட்டார், இலவசமாகச் சரிசெய்கிறோம், அஞ்சாக மாற்றிவிடுங்கள் என்று. முதலில் சத்தத்தை நிறுத்துங்கள் என்றேன். டிரம்மைக் கழற்றித் தூசியைத் துடைத்து ஷூவைத் தேய்த்துக் கொடுத்தார்கள், இப்போது சத்தம் இல்லை, அதையும் ரிவ்யூவில் சேர்த்துவிட்டேன். ஸ்டார் மூன்றுதான். போகிறவர்கள் சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், கூட்டம் அள்ளும், சாவி வாங்கும் முன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.