மனநலக் கவுன்சலிங்குக்கு மொத்தப் பணத்தையும் கட்டுவதற்கு முன்

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் தலித் மாணவன் நான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போகவே பிடிக்காமல் போன சமயத்தில், வீடியோ காலில் கவுன்சலிங் தரும் ஓர் இடத்தில் எல்லா அமர்வுகளுக்கும் சேர்த்து முன்பணம் கட்டினேன்.

விடுதியில் "கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்பார்கள். எந்தக் கோட்டாவில் வந்தவன் என்று தெரிந்துகொள்ளத்தான். பதில் சொன்ன மறுநாளிலிருந்து மெஸ்ஸில் என் பக்கத்து நாற்காலி காலி. இதைச் சொன்னதும் ஆலோசகர் 'சிந்தனைப் பிழைகள்' என்று ஒரு தாளை அனுப்பி, 'மற்றவர் மனதில் இருப்பதை நானே ஊகிக்கிறேன்' என்ற வரியில் டிக் போடச் சொன்னார். வீண் பயத்தில் தவிப்பவருக்கு அந்தத் தாள் உதவலாம். கண்ணெதிரே நடப்பதைச் சொல்பவனிடம் நீட்டினால், பழி அவன் தலையில்தான் விடிகிறது.

"இந்தக் காலத்துல யாருங்க சாதி பாக்குறாங்க?" என்றவர், அடுத்த மூச்சிலேயே சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று விசாரித்தார். அதுவரை 'நீங்க', அப்புறம் 'நீ'.

அதைவிடக் கொடுமை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்பாவுக்குப் போன் போட்டு, "பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று சொன்னது. வேலையைப் போட்டுவிட்டு அப்பா பதறியடித்து ஓடிவந்தார். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டுக்குச் சொல்லலாம், சரி. எனக்கு அப்படி எதுவும் இல்லை. மீதிப் பணத்தையும் திருப்பித் தரவில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 18ஆம் பிரிவு, சாதி, மதம், பாலினம், வர்க்கம் என்று எந்தப் பாகுபாடும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. 23ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். சாதியால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு இதற்கு முன் வேலை செய்திருக்கிறீர்களா, நான் சொல்வதை யாரிடம், எப்போது சொல்வீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். பதிலில் மழுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நான் இப்போது பார்க்கும் ஆலோசகர் முதலில் கேட்டதே, "புகார் கொடுத்தா விடுதில உங்களுக்குப் பாதுகாப்பு இருக்குமா?" என்றுதான். அன்றைக்குத்தான் நடந்ததை முழுசாகச் சொன்னேன்.

ஒவ்வொரு அமர்வுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டுங்கள். கையில் காசு இல்லையென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.