மண்டலே – லாஷியோ ரயில்: ஐந்துக்கு மூன்று

மியான்மரின் மண்டலேயில் பருப்பு வியாபாரம் எனக்கு. சரக்கெல்லாம் சீன எல்லையிலுள்ள மூசேக்கு லாரியில்தான் போகும்; ரயில் ஏறியது மச்சான் நச்சரிப்பு தாங்காமல். 2019இல் போனது. இதைப் படித்துவிட்டு இப்போது கிளம்பிவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் இந்தப் பாதையிலுள்ள கோட்டெயிக் ரயில் பாலம் குண்டுவெடிப்பில் சேதமாகி, ராணுவமும் எதிர்த்தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள்.

அப்போது விடிகாலை 4 மணிக்கு வண்டி. ஆர்டினரியில் மரப்பலகை, ஆகவே அப்பர் கிளாஸ் வாங்குங்கள். லாஷியோவுக்கு அட்டவணைப்படியே 15 மணி நேரத்துக்கு மேல். மலையேறும்போது முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று மாறி மாறி ஓடித்தான் உயரம் பிடிக்கிறது. வழியிலுள்ள மலை ஊரான மேமியோவில் (இப்போதைய பெயர் பியின் ஊ லுவின்) ஸ்ட்ராபெரி நன்றாக இருந்தது. அதற்கப்புறம் சல்லடையில் விழுந்த உளுந்துபோல ஒரே ஆட்டம்.

நான் கொடுக்கும் மூன்று மதிப்பெண்ணும் பாலத்துக்குத்தான். அமெரிக்க இரும்பில் 1900 வாக்கில் முடித்தது. நீளம் 689 மீட்டர், உயரம் 102 மீட்டர். வண்டி அங்கே ஊர்ந்துதான் போகும். மச்சானே வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளைக்காரன் இந்தப் பாதையை சீனாவின் யுன்னான் மாகாணம்வரை கொண்டுபோக நினைத்தான், லாஷியோவோடு நின்றுபோயிற்று. இப்போது அந்தப் பக்கத்திலிருந்து சீனா கேட்கிறது. மூசேயிலிருந்து வங்கக் கடலோர சௌக்பியு துறைமுகம்வரை பாதை போட 2011இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு தண்டவாளமும் விழாமல் 2014இல் காலாவதி. 2018 அக்டோபரில் மறுபடி கையெழுத்து, மூசே–மண்டலே 431 கிலோமீட்டருக்கு ஆய்வு செய்ய மட்டும்.

இந்தப் பாதைக்கான கடன் யார் தலையில் என்பதைப் பெரிய மனிதர்கள் பேசட்டும். வியாபாரிக்கு முக்கியம் தண்டவாள அகலம். நம்முடையது 1000 மில்லிமீட்டர், அவர்களுடையது 1435. ரெண்டும் சேரும் இடத்தில் மூட்டையை இறக்கி ஏற்றித்தான் ஆகவேண்டும். அந்த இடம் மூசேயா மண்டலேயா என்பதை வைத்துத்தான் கூலி யாருக்கு, கிடங்கு யாருக்கு, தாமதம் யாருக்கு என்பதெல்லாம். சீன அகலத்திலேயே மண்டலேவரை வந்தால் எங்கள் கடைவீதிக்கு லாபம், மூசே ஏஜென்ட்டுகளுக்கு அடி. லாவோஸ் அந்த அகலத்துக்கே ஒத்துக்கொண்டது. 2021 டிசம்பரில் சீனாவின் குன்மிங்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியஞ்சான்வரை பாதை திறந்தது, கடனும் கூடவே வந்தது.

நம் வண்டி சரியாகி ஓடத் தொடங்கினால் முழுத் தூரமும் போகாதீர்கள். மேமியோவில் ஏறி, பாலம் தாண்டி நவுங்பெங்கில் இறங்கி, எதிர் வண்டியில் திரும்பிவிடுங்கள்.