ஹென்றி காலத்து லண்டன் நடை: இரண்டரை மணி நேரம், 25 பவுண்டு

பிறந்தநாள் பரிசாக மாப்பிள்ளை எனக்கு ஒரு நடைப் பயணத்துக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தார். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி, அவருக்குப் பின் ஆண்ட பிள்ளைகள் எட்வர்டு, மேரி, எலிசபெத் காலத்து லண்டனைச் சுற்றிக் காட்டும் நடை. ஆளுக்கு 25 பவுண்டு. மொத்த தூரம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். நடத்துவது ஒரு சின்ன நிறுவனம். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

முதலிலேயே ஒன்று. நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எல்லோரும் கோபுரத்தைப் படம் எடுக்கும்போது "இது முன்னால் யார் பேரில் இருந்தது?" என்று கேட்கிற ரகம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பார்பிக்கன் ரயில் நிலைய வாசலில் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். வழிகாட்டி அம்மாள் வந்தது பத்தேகால். தூறல். இருபது பேர் கூட்டம், காதில் மாட்டிக்கொள்ளக் கருவி எதுவும் கிடையாது, பஸ் போகும்போதெல்லாம் பாதி வாக்கியம் காணாமல் போயிற்று. போதாக்குறைக்கு முதல் இருபது நிமிடம் ஆறு மனைவிகள் கதை. யாருக்குத் தலை போயிற்று, யாரைத் தள்ளி வைத்தார் என்பதையெல்லாம் இந்த ஊரில் டீ கோப்பையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். அதற்கு 25 பவுண்டு வேண்டாம்.

சார்ட்டர்ஹவுஸ் வாசலுக்கு வந்ததும் நடை சூடு பிடித்தது. அது கார்த்தூசியர் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம். திருச்சபைக்கும் தானே தலைவர் என்று ஹென்றி 1534இல் சட்டம் போட்டார். அதை ஏற்க மாட்டோம் என்று சொன்ன மடத் தலைவர் ஜான் ஹௌட்டனை 1535 மே 4 அன்று டைபர்னில் தூக்கிலிட்டு, உடலைக் கூறு போட்டு, ஒரு கையைக் கொண்டுவந்து இதே வாசலில் தொங்கவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் வழிக்கு வரவில்லை. 1537இல் பத்துப் பேரை நியூகேட் சிறையில் சங்கிலியில் கட்டிப் பட்டினி போட்டார்கள். ஒன்பது பேர் அங்கேயே இறந்தார்கள். அந்த அம்மாள் இதைக் குரலை உயர்த்தாமல் சொன்னார். எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் நான் என் கேள்வியைக் கேட்டேன். மடம் யாருக்குப் போயிற்று? அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதை யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 800 மடங்கள் 1536க்கும் 1540க்கும் நடுவில் மூடப்பட்டன. அதற்கு முன்பே, 1535இல், எந்த மடத்துக்கு எவ்வளவு வருமானம் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். வந்த சொத்தை நிர்வகிக்க, குத்தகைக்கு விட, விற்க 1536இல் தனி அலுவலகமே திறந்தார்கள். கோர்ட் ஆஃப் ஆக்மென்டேஷன்ஸ் என்று பெயர், அரசு வருவாயைப் பெருக்கும் மன்றம். சார்ட்டர்ஹவுஸை 1545இல் எடுத்துக்கொண்டவர் எட்வர்டு நார்த். அவர் யார்? அந்த மன்றத்தில் பொருளாளராக இருந்து தலைவரானவர். எங்கள் ஊரில் அரசு ஊழியர் ஒரு மனை வாங்கினாலும் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இவர் மடத்தையே வாங்கி மாளிகையாகக் கட்டிக்கொண்டார். எலிசபெத் 1558இல் அரசியானதும் லண்டனுக்கு வந்து முதலில் தங்கியது இந்த வீட்டில்தான். பிறகு கைமாறிக் கைமாறி 1611இல் தாமஸ் சட்டன் 13,000 பவுண்டுக்கு வாங்கி, ஏழை முதியவர்களுக்கு இல்லமும் ஒரு பள்ளியும் வைத்தார். முதியோர் இல்லம் இன்னும் நடக்கிறது.

ஸ்மித்ஃபீல்டு அங்கிருந்து ஐந்து நிமிட நடை. பெரிய இறைச்சிச் சந்தை, எதிரே மருத்துவமனைச் சுவர். 1540 ஜூலை 30 அன்று இங்கே நடந்ததைத்தான் அந்த அம்மாள் மிக நன்றாகச் சொன்னார். ஒரே நாளில் ஆறு பேர். மூன்று பேர் புராட்டஸ்டண்ட் பக்கம் சாய்ந்த சீர்திருத்தக்காரர்கள். மதத் துரோகம் என்று எரித்தார்கள். மூன்று பேர் போப்பை விடாதவர்கள். ராஜத் துரோகம் என்று தூக்கில் போட்டார்கள். சிறையாக இருந்த லண்டன் டவர் கோட்டையிலிருந்து இழுத்து வந்தபோது ஒரு மரச்சட்டத்துக்கு இரண்டு பேராக, இந்தப் பக்கத்தில் ஒருவர் அந்தப் பக்கத்தில் ஒருவர் என்று ஜோடி சேர்த்துக் கட்டியிருந்தார்களாம். இரண்டு நாள் முன்னால்தான், மடங்களை மூடும் வேலையை முன்னின்று நடத்திய ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் தலையும் போயிருந்தது.

ஆனால் கத்தோலிக்க அரசி மேரி பேச்சு வந்ததும் அந்த அம்மாளின் நடுநிலை போய்விட்டது. மேரி ஆட்சியில் ஏறத்தாழ 280 புராட்டஸ்டண்டுகளை எரித்தார்கள், 1555 பிப்ரவரி 4 அன்று இதே இடத்தில் ஜான் ரோஜர்ஸ் என்ற போதகரில் தொடங்கி. சுவரில் நினைவுக் கல்லும் இருக்கிறது. இதற்குக் கால் மணி நேரம். எலிசபெத் காலத்தைப் "பொற்காலம்" என்று ஒரே சொல்லில் தாண்டினார். 1581இலிருந்து ஆங்கிலத் திருச்சபைக்கு வராதவருக்கு மாதம் 20 பவுண்டு அபராதம் என்று சட்டம். வெளிநாட்டில் கத்தோலிக்கக் குருப்பட்டம் பெற்றவர் நாட்டுக்குள் இருப்பதே ராஜத் துரோகம் என்று 1585இல் இன்னொன்று. காசு வாங்கிக்கொண்டு நடத்துகிறவர்கள் இதையும் சொல்ல வேண்டாமா?

செயின்ட் பர்த்தலோமியூ தேவாலயத்துக்கு மட்டும் நான் இன்னொரு தடவை போவேன். வாசலில் இருக்கிற மரச் சட்ட வீடு 1595இல் கட்டியது. முகப்பு மறைந்து கிடந்ததாம். முதல் உலகப் போரில் குண்டு விழுந்து மேல்பூச்சு பெயர்ந்தபோதுதான் வெளியே தெரிந்ததாம். வாசலைத் தாண்டினால் நீளமாக ஒரு பாதை. இது தோட்டம் இல்லை, இடிக்கப்பட்ட நடுக்கூடம், இப்போது தேவாலயத்துக்குள்தான் நடக்கிறீர்கள் என்று அந்த அம்மாள் சொன்னதும் காலைப் பார்த்து வைக்கத் தோன்றியது. இதுவும் ஒரு மடத்தின் தேவாலயம்தான்; மடம் 1539இல் மூடியதும் பாடகர் பகுதியை மட்டும் ஊர்மக்கள் வழிபாட்டுக்கு விட்டு மிச்சத்தை இடித்திருக்கிறார்கள்.

இந்த மடத்தை 1544இல் 1,000 பவுண்டுக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியவர் ரிச்சர்டு ரிச். மடச் சொத்து மன்றத்தின் முதல் தலைவர்! ஹென்றியைத் திருச்சபைத் தலைவராக ஏற்காத தாமஸ் மோர் வழக்கில் சாட்சி சொல்லி, அவர் தலை போக வழி செய்தவரும் இவர்தான். 1546இல் ஆன் அஸ்க்யூ என்ற சீர்திருத்தக்காரப் பெண்ணை டவரில் சித்திரவதை யந்திரத்தில் போட்டபோது, ரிச்சும் கூட இருந்தவரும் தங்கள் கையாலேயே அதை இழுத்தார்கள் என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். நடக்க முடியாமல் நாற்காலியில் தூக்கி வந்து, ரிச்சின் இந்த வீட்டுக்கு வெளியே இருக்கிற ஸ்மித்ஃபீல்டில் அவளை எரித்தார்கள். ஹென்றியின் மகன் எட்வர்டு ஆட்சியில் ரிச் லார்டு சான்சலர், அரசின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்று. மேரி காலத்தில் டொமினிக்கத் துறவிகள் இங்கே குடிவந்தார்கள். எலிசபெத் காலத்தில் அவர்கள் வெளியேறினார்கள், சொத்து திரும்ப ரிச்சுக்கே. 1567இல் படுக்கையில் செத்தார்.

உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது, நான் பதிவுத் துறை என்று தெரிந்துகொண்டு அந்த அம்மாள் தானாகவே ஒன்று சொன்னார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு வாரமும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1538இல் உத்தரவு போட்டவர் கிராம்வெல்தானாம். பதிவேட்டை இரண்டு பூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி குருவிடம், இன்னொன்று சபைக் காரியஸ்தர்களிடம். எழுதத் தவறினால் மூன்று ஷில்லிங் நாலு பென்ஸ் அபராதம். புது வரி போடத்தான் பேர் எழுதுகிறார்கள் என்று ஜனங்கள் பயந்தார்களாம். எனக்குக் கொடுத்த காசு இங்கேயே செரித்துவிட்டது.

கடைசி இடம் ஈலி பிளேஸ். அதற்குப் பத்தே நிமிடம், அதுவும் ஓட்டமாக. அடுத்த கூட்டம் காத்திருக்கிறதாம். செயின்ட் எதல்ட்ரீடா தேவாலயத்துக்குள் எட்டிப் பார்க்கத்தான் முடிந்தது. ஈலி ஆயரின் வளாகத்தை எலிசபெத் தன் பிரியமான கிறிஸ்டஃபர் ஹாட்டனுக்குக் குத்தகைக்கு வாங்கிக் கொடுத்தார். இன்றைய வைரக் கடைத் தெரு ஹாட்டன் கார்டன் அவர் பேரில்தான். வருடக் குத்தகை 10 பவுண்டு, பத்து வண்டி காய்ந்த புல், ஒரு சிவப்பு ரோஜா.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். குடை, கெட்டியான செருப்பு எடுத்துப் போங்கள். வழியில் கழிப்பறைக்கு நிறுத்த மாட்டார்கள், கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த வார நாளாகப் பார்த்துப் போனால் காதில் விழும். மறுவாரம் நானும் மகளும் மட்டும் ஈலி பிளேஸுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அந்த ரோஜாவுக்கு ஆயர் ரசீது கொடுத்திருப்பாரா என்று கேட்டேன். "அம்மா, போதும்" என்றாள்.