தன்னார்வலர்களுக்கு எது: ஒரே குரூப்பா, வாட்ஸ்அப் கம்யூனிட்டியா, டெலிகிராமா?

20 பேருக்குள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒரே வாட்ஸ்அப் குரூப் போதும். 60 பேரைத் தாண்டும்போதுதான் கேள்வி எழும். நாங்கள் வாட்ஸ்அப் கம்யூனிட்டியை, அதாவது பல குரூப்களை ஒரே குடையின் கீழ் சேர்க்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தோம். அதனால் இந்த அலசலில் இடமும் அதற்குத்தான் அதிகம்.

எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சாதாரண வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர், சிக்னல் செயலியில் 1000, டெலிகிராமில் 2 லட்சம். எதுவுமே நமக்குப் போதாமல் போகாது.

முடிவை உண்மையில் தீர்மானிப்பது மியூட்தான். ஒரே குரூப்பில் பணி அறிவிப்பும் வரும், பிறந்தநாள் வாழ்த்தும் வரும், "சரி", "ஓகே" என்று 40 பதில்களும் வரும். வாட்ஸ்அப் மியூட்டில் 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தேர்வுகள் உண்டு. எரிச்சலில் இருப்பவர் விரல் 'எப்போதும்' மேல்தான் போகும். அதன் பிறகு "ஞாயிறு காலை 6 பேர் தேவை" என்ற செய்தியும் அவருக்குச் சத்தமில்லாமல்தான் வந்து விழும். அரட்டையைத் தடை செய்தால் சரியாகிவிடும் என்று பல அட்மின்கள் நினைக்கிறார்கள். சரியாகாது. ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதே அந்த அரட்டையில்தான். அது போனால் மிஞ்சுவது வெறும் அறிவிப்புப் பலகை.

கம்யூனிட்டியில் இரண்டையும் பிரித்துவிடலாம். தொடங்கியதுமே அறிவிப்புக் குழு தானாக உருவாகும். புதிதாகச் செய்தி போடுவது அட்மின்கள் மட்டும். ஏற்கெனவே இருக்கும் குரூப்களை உள்ளே சேர்த்தால், அவற்றில் இருப்பவர்கள் அறிவிப்புக் குழுவுக்கும் வந்துவிடுவார்கள். பணிக்கு ஒன்றாக 12 முதல் 20 பேர் கொண்ட சிறு குரூப்கள் வைத்துக்கொள்ளுங்கள். சிறு குரூப்பை மியூட் செய்தாலும் அறிவிப்பு தனியாக ஒலிக்கும். ஆனால் அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டியது அட்மின். அறிவிப்புக் குழுவில் வாரம் இரண்டு, மூன்று செய்திகளுக்கு மேல் போட்டால் அதற்கும் மியூட்தான்.

ஒரு செய்தியில் ஒரு கோரிக்கை: நாள், நேரம், இடம், எத்தனை பேர் தேவை, எப்போதுக்குள் சொல்ல வேண்டும். வருகையைச் சிறு குரூப்பில் வாக்கெடுப்பு வைத்துக் கேளுங்கள். பல விடைகளைத் தேர்வு செய்யும் வசதி இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அதை அணைக்காவிட்டால் ஒரே ஆள் 'வருகிறேன்', 'பார்க்கலாம்' இரண்டையும் தொட்டுவிடுவார், ஆள் கணக்கு உதைக்கும். நேரத்தைத் தவறாகப் போட்டுவிட்டால் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். அதன் பிறகு புதிய செய்திதான் போட வேண்டும். குரூப்பின் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்த செய்தியும் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், நினைவு வைத்து மீண்டும் 'பின்' செய்ய வேண்டும்.

வசதிகளை மட்டும் எடைபோட்டால் டெலிகிராம்தான் மேல், மறுக்கவில்லை. ஒரே குரூப்புக்குள் தலைப்புகள் பிரிக்கலாம், தலைப்பு வாரியாக மியூட் செய்யலாம். புதிதாக வந்தவர் பழைய செய்திகளைப் படிக்கும்படி அமைக்கலாம், ஸ்லோ மோடு வைத்து அரட்டை வேகத்தைக் குறைக்கலாம், தொலைபேசி எண்ணை மறைக்கலாம். பயிற்சிக் குறிப்புகள் நிறைய சேரும் அமைப்புக்கு இதுவே பொருத்தம். குறை என்னவென்றால், பலர் அதை நிறுவுவார்கள், திறக்க மாட்டார்கள். குரூப் உரையாடல்களுக்கு முழுமுனைக் குறியாக்கமும் (உரையாடலில் இருப்பவர்கள் தவிர வேறு யாரும், செயலி நிறுவனம்கூட, படிக்க முடியாத பாதுகாப்பு) கிடையாது. நோயாளிகள், குழந்தைகள் பற்றிய விவரம் பேசுகிற குழுவுக்கு இது சிறிய விஷயம் அல்ல. (அத்தகைய விவரங்களை எந்த குரூப்பிலும் போடாமல் இருப்பதே மேல்.) அந்தக் கோணத்தில் சிக்னல் நல்லது, ஆனால் ஆளைக் கூட்டி வருவது இன்னும் கடினம்.

தொலைபேசி எண் விஷயத்தில் கம்யூனிட்டி பாதிதான் உதவும். அறிவிப்புக் குழுவில் மற்ற உறுப்பினர்களுக்கு உங்கள் எண் தெரியாது, சிறு குரூப்பில் தெரியும். சேர்க்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் 60 முதல் 150 பேர் வரையான அளவுக்குச் சொன்னது. 500 பேர் என்றால் டெலிகிராம் பக்கம் தராசு சாயலாம். எதை எடுத்தாலும் ஒவ்வொரு குரூப்புக்கும் இரண்டு அட்மின்கள் வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே அட்மின் வெளியேறினால் உறுப்பினர்களில் யாரோ ஒருவர் தானாக அட்மின் ஆகிவிடுவார். டெலிகிராமில் உரிமையை மாற்றித் தர வேண்டுமானால் இரண்டு கட்டச் சரிபார்ப்பை குறைந்தது 7 நாள் முன்பே இயக்கியிருக்க வேண்டும். பொறுப்பை விட்டுப் போகிறவர் கடைசி நாளில் இதைக் கண்டுபிடித்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதுதான்.