கைப்பிரதியா, மாற்கு வாசிப்பா?

நாத்திகரிடம் இயேசுவைப் பற்றிச் சொல்ல எது நல்ல வழி: கைப்பிரதி என்னும் நற்செய்தித் துண்டுத்தாளா, மாற்கு நற்செய்தியை அவரோடு சேர்ந்து வாசிப்பதா? பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரத்தில் நூறு கைப்பிரதி கொடுத்துவிடலாம். கடவுளே இல்லை என்பவருக்கு அது எடுபடாது. முதல் வரியிலேயே ‘பாவம்’, ‘இரட்சிப்பு’ என்று தொடங்கும். பாவம் என்றால் யாருக்கு எதிரான பாவம் என்பதே அவர் கேள்வி. ஏற்கெனவே கோயிலுக்கோ சபைக்கோ போகிறவரிடம் மட்டுமே அது கொஞ்சம் பேசும்.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் பைபிள் நூலான மாற்கு நற்செய்தியைச் சேர்ந்து வாசிப்பது மெதுவான வேலை. 16 அதிகாரம், வாரம் நான்கு வீதம் ஒரு மாதம். டீக்கடை பெஞ்சு போதும். பைபிளின் பழைய மொழிபெயர்ப்பைத் தவிர்த்து 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பை எடுங்கள். அதில் ‘இரட்சிப்பு’ இல்லை, ‘மீட்பு’ இருக்கும். அவரே வாசிக்கட்டும். “இந்த ஆளைப் பத்தி என்ன தோணுது அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். 9-ஆம் அதிகாரத்தில் மகனைக் குணமாக்கச் சொல்லி இயேசுவிடம் வந்து, தன் அவநம்பிக்கையை மறைக்காமல் சொல்லும் தகப்பனிடம் பலர் நின்றுவிடுவார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

கெடுவது எங்கே? கறுப்புச் சட்டைக்காரர் இடையன்குடி மிஷனரி கால்டுவெல்லை மதிப்பார். அது 1856-இல் வந்த திராவிட ஒப்பிலக்கணத்துக்கான மதிப்பு, கடவுளுக்கானது அல்ல. அதைத் தூண்டிலாக்கினால் எழுந்து போய்விடுவார். “ஒங்க சபையில மட்டும் சாதி இல்லியா?” என்று கேட்டால், இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். மழுப்பினால் அடுத்த வாரம் பெஞ்சு காலி.

கைப்பிரதிதான் கொடுப்பேன் என்றால், கூடவே தொலைபேசி எண்ணாவது எழுதிக் கொடுங்கள்.