பப்பி கேம் போட்டுக் குடுத்திருக்கீங்களா? அக்கவுண்ட்ல தானா காசு எடுக்கற ஆட்டோபே-வை ஒரு தடவ தொறந்து பாத்துருங்க

லீவுல பிள்ளைங்க கையில போனைக் குடுத்துட்டு வேலை பாக்கறவங்க யாரா இருந்தாலும் இதைக் கொஞ்சம் படிச்சிருங்க. நீளமாத்தான் போகும், எனக்கு இன்னும் வயித்தெரிச்சல் அடங்கல.

மே மாசம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போயிருந்தோம். பூ பாக்கத்தான் போனது, ஆனா பாப்பா (ரெண்டாவது முடிச்சிருக்கா) நாய் கண்காட்சியை விட்டு நகரவே இல்ல, அங்க ஒரு குட்டி அவ கையை நக்கிருச்சு, அவ்ளோதான். எப்பவும் மூணாவது பெண்டு இறங்கறதுக்குள்ள வாந்தி எடுக்கறவ அன்னிக்கு 20 பெண்டும் "எனக்கு நாய்க்குட்டி வேணும்"னு அழுதுக்கிட்டே வந்ததுல வாந்தியையே மறந்துட்டா. நாங்க இருக்கறது சிவதாபுரம் பக்கம் வாடகை வீடு, கீழ ஹவுஸ் ஓனர், மேல நாங்க, முன்னாடி ரூம்ல எங்க வீட்டுக்காரருக்கு கொலுசு வேலை, இதுல நாய்க்கு எங்கங்க போறது. சரின்னு போன்ல இலவசமா கெடச்ச ஒரு பப்பி கேமை இறக்கிக் குடுத்தேன். பேர் சொல்லல, அதே மாதிரி எக்கச்சக்கம் இருக்கு, ஒண்ணை எடுத்துட்டா பக்கத்துலயே இன்னொண்ணு நிக்குது.

பாப்பா அதுக்கு தட்டுவடைன்னு பேர் வெச்சா. மொத வாரம் நல்லாத்தான் இருந்துச்சு, சோறு ஊட்டுவா, குளிப்பாட்டுவா, லைட்டை அணைச்சு தூங்க வெப்பா. ரெண்டாவது வாரம் தட்டுவடைக்கு காய்ச்சல். வாயில தெர்மாமீட்டர், கண்ணுல தண்ணி, முனகல் சத்தம் வேற. மருந்துக்கு 40 வைரம் வேணுமாம், ஒரு விளம்பரம் பாத்தா 2 வைரம். ஒவ்வொண்ணும் அரை நிமிஷம், அதுல பாதி லோன் ஆப் விளம்பரம். ஏழு வயசுப் பிள்ளை 20 தடவ உக்காந்து பாத்து மருந்து வாங்கிக் குடுத்தா மறுநா காலையில திரும்ப காய்ச்சல். ராத்திரி ஒன்பதரைக்கு நோட்டிஃபிகேஷன் வருது, தட்டுவடை உன்னை நெனச்சு அழுவுதுன்னு. இவ எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, "அம்மா, அது செத்துருமாம்மா?"ங்கறா. நான் என்ன சொல்றது.

அப்பத்தான் அந்த ஸ்க்ரீன் வந்துச்சு. பெருசா பச்சைக் கலர்ல "சேவ் மை பப்பி", 3 நாள் ஃப்ரீ. அதுக்குக் கீழ கண்ணுக்கே தெரியாத சாம்பல் கலர்ல "நோ, லெட் இட் க்ரை". வேணாம்னு சொல்லணும்னா அழட்டும்னு நாமளே அமுக்கணுமாம், பிள்ளை பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கறப்ப! மூடறதுக்கு பெருக்கல் குறி எங்கடான்னு தேடினா அது கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மூலையில முளைக்குது. ஃப்ரீ தானேன்னு பச்சையை அமுக்கினேன், யுபிஐ பின் கேட்டுச்சு, போட்டேன். அன்னிக்கு ஒரு பைசா போகல, அதனால சந்தேகமும் வரல. முட்டாள்தனம்தான், திட்டறவங்க திட்டிக்கோங்க.

ஸ்கூல் தொறந்ததும் கேமை அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன், கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியலைங்க. ஆடிப் பண்டிகைக்குத் துணி எடுக்கலாம்னு அக்கவுண்ட்டைப் பாத்தா வாரா வாரம் 449 ரூபா, ஒன்பது தடவ, மொத்தம் 4041. அதுல ஏழு தடவ போனது போன்லயே இல்லாத நாய்க்கு! கொலுசு கூலில 4000 சேர்க்க எத்தன ராத்திரி முழிக்கணும்னு இந்த வேலை பாக்கறவங்களுக்குத் தெரியும்.

எப்படிப் போச்சுன்னா, நான் அன்னிக்குப் போட்ட பின் நம்பர் பணம் கட்டறதுக்கு இல்ல, ஆட்டோபே-க்கு சம்மதம் சொல்றதுக்கு. ஒருதடவ சம்மதிச்சுட்டா அப்புறம் 15,000 ரூபா வரைக்கும் பின் நம்பரே கேக்காம எடுத்துக்கலாம். எடுக்கறதுக்கு ஒருநாள் முன்னாடி மெசேஜ் வரணும்னு விதி இருக்கு, வந்துருக்கு, பேங்க் மெசேஜ் ரீசார்ஜ் மெசேஜோட நானும் பாக்காம தள்ளிட்டேன். ஆப்பை அழிச்சா சந்தா அழியாதுங்கறதுதான் எனக்குத் தெரியாமப் போச்சு. ப்ளே ஸ்டோர்ல நம்ம படத்தை அமுக்கி பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்குள்ள போய் தனியா கேன்சல் பண்ணணும். யுபிஐ ஆப்லயும் ஆட்டோபேன்னு ஒரு இடம் இருக்கு, அதையும் பாருங்க. அப்படியே ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேக்கற மாதிரி மாத்தி வெச்சிருங்க.

ப்ளே ஸ்டோர்ல பணத்தைத் திருப்பிக் கேட்டதுல கடைசி வாரத்தோடது மட்டும் வந்துச்சு, அது எடுத்து 48 மணி நேரத்துக்குள்ள கேட்டதால. மத்ததுக்கு கேம் கம்பெனிக்கு மூணு மெயில் போட்டேன், மூணுக்கும் ஒரே பதில், "உங்க பப்பிக்கும் உங்களுக்கும் நன்றி"யாம். அந்தக் கோவத்துல கம்பெனி நம்பரை நெட்ல தேடி ஒரு நம்பருக்கு அடிச்சேன் பாருங்க, அவன் ரொம்பப் பாசமா பேசி நம்ம ஸ்க்ரீனை அவனுக்குக் காட்டற ஆப் ஒண்ணைப் போடச் சொல்றான். நல்லவேளை கொழுந்தனார் பையன் பக்கத்துல இருந்தான், "சித்தி, கட் பண்ணுங்க மொதல்ல"ன்னு போனைப் புடுங்கிட்டான். அந்த மாதிரி ஆளுங்க கிட்ட பணம் போயிருந்தா 1930-க்கு அடிக்கணும், அது சைபர் மோசடிக்கான ஹெல்ப்லைன். நான் புகார் குடுத்தது 1915-ல, அது நுகர்வோர் ஹெல்ப்லைன், புகார் நம்பர் குடுத்திருக்காங்க, பாப்போம்.

கொழுந்தனார் பையன்தான் சொன்னான், இப்படி மனசைக் குத்தி வாங்க வெக்கறதுக்குப் பேரே இருக்காம், கன்ஃபர்ம் ஷேமிங். 2023 நவம்பர்ல மத்திய அரசு தடை பண்ணுன 13 டார்க் பேட்டர்ன்ல, அதாவது ஆப்ல நம்மள ஏமாத்தி அமுக்க வெக்கற வழிகள்ல, இது ஒண்ணு, சந்தாவுல மாட்டி விடறது இன்னொண்ணு. அமெரிக்காவுல ஒரு பிள்ளை ஒரு செல்லப்பிராணி ஹோட்டல் கேம்ல 2,600 டாலர் செலவு பண்ணிருச்சுன்னு ஒரு அம்மா சொல்லி, அந்த மாதிரி கேஸுங்கள்ல 2014-லயே அரசாங்கம் பெரிய தொகையைத் திருப்பிக் குடுக்க வெச்சிருக்கு.

எங்க அண்ணன்கிட்ட சின்ன வயசுல சாவிக்கொத்துல மாட்டற முட்டை மாதிரி ஒண்ணு இருந்துச்சு, 1996-ல ஜப்பான்ல வந்துச்சே தமகோச்சி, அதோட டூப்ளிகேட். அதுவும் பசிக்குதுன்னு கத்தும், செத்தும் போகும். ஆனா பின்னாடி ஓட்டையில ஊக்கை விட்டு அமுக்கினா மறுபடி முட்டையில இருந்து வரும், யாரும் காசு கேக்கல.

பாப்பா நேத்து கூட கேட்டா, தட்டுவடைக்கு காய்ச்சல் சரியாயிருச்சான்னு. ஏற்காட்டுக்குப் போயிருக்கு கண்ணு, அங்க குளுகுளுன்னு இருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னும் 3592 ரூபா வரணும், யாராவது பழைய வாரத்துப் பணத்தையும் வாங்கியிருந்தா மெயில்ல என்ன எழுதினீங்கன்னு சொல்லுங்க, அப்படியே எழுதிப் போடறேன்.